துறைமுகத்தைக் காணோம்!

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். டிசம்பர் கச்சேரிக்கு எழுதுகிறோம், அந்தக் கச்சேரி நடக்கிற சபா கேன்டீனில் போடும் கீரை வடைக்குக்கூட எழுதுகிறோம். ஆனால், இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்று, வசனம் பேசி, நடித்துக்காட்டி, நடுநடுவே ஜோக் அடித்து, கடைசியில் ஒரு கைதட்டல்கூட வாங்காமல் போகிற ஒரு ஆசாமிக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. டூரிஸ்ட் கைடு!

கைடு விஷயத்தில் நாம் இரண்டே கட்சி. ஒன்று, ‘‘கைடா? எதுக்கு? எல்லாம்தான் செல்போன்ல இருக்கே’’ கட்சி. இரண்டாவது, கைடை வைத்துக்கொண்டு, அவர் பேசும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் கட்சி. முதல் கட்சி காசை மிச்சம் பிடிக்கிறது, இரண்டாவது கட்சி காசைக் கொடுத்து வீணாக்குகிறது. அவர் சொன்னது சரியா, சுவையா, எதை விட்டார், ஏன் விட்டார் என்று யோசிக்கிற மூன்றாவது கட்சியை இன்று ஆரம்பித்துவிடலாம் என்று இருக்கிறேன். உறுப்பினர் கட்டணம் கிடையாது.

விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட படம்... மன்னிக்கவும், இடம், கோவளம். கேரளாக்காரர்களின் கோவளம் இல்லை. கன்னியாகுமரி பக்கத்தில் இருக்கும் கோவளமும் இல்லை. நம் ஈ.சி.ஆர். கோவளம். தாம்பரம்வாசிகளுக்கு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தூரம். கேளம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளமும் உப்பங்கழியுமாக விரிகிற அந்தச் சாலைக்காகவே ஒரு தடவை போகலாம்.

கோவளம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மீன் வறுவல், அலைச்சறுக்கு, 2021ல் கிடைத்த ‘நீலக்கொடி’ சான்றிதழ். தமிழ்நாட்டில் அந்தக் கொடியை வாங்கிய முதல் கடற்கரை இதுதான். சரி. ஆனால், இந்த ஊர் ஒரு காலத்தில் துறைமுகம் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கைடுக்கு வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஊரைக் காட்ட கைடு எதற்கு? தெரியாத ஊரைக் காட்டத்தான் அவர்.

*

விமர்சனத்துக்கு முன்னால் மூலக்கதையைச் சொல்லிவிடுகிறேன். நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பது போல.

1719ல் கோவளத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியது. ஆங்கிலேயர் இல்லை. பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், போர்ச்சுகீசியர் யாருமே இல்லை. ஆஸ்டெண்ட் என்ற ஊர்க்காரர்கள். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் துறைமுக ஊர் அது. அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. 1722ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இவர்களுக்கு முறையாகச் சாசனமே எழுதிக்கொடுத்தார். அதாவது, வியன்னாவில் முத்திரை குத்திய காகிதத்தோடு நம் கோவளத்தில் கடை விரித்தார்கள். அவர்கள் வாயில் கோவளம் ‘காபெலோன்’ ஆகிவிட்டது.

பக்கத்துக் கடையில் கூட்டம் சேர்ந்தால் பழைய கடைக்காரர்களுக்கு வயிறு எரியாதா? லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் சேர்ந்து குடைச்சல் கொடுத்தன. சார்லஸுக்கு வேறொரு கவலை. தனக்குப் பிறகு மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வருவதை மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் சம்மதத்துக்கு விலையாகக் கம்பெனியைக் கைகழுவினார். 1727ல் சாசனம் நிறுத்திவைப்பு, 1731ல் நிரந்தர மூடுவிழா. எங்கேயோ ஒரு அப்பா தன் மகளின் வாரிசு உரிமைக்காகக் கையெழுத்துப் போட, கோவளத்தில் ஒரு கடை ஷட்டரை இறக்கியது!

அப்புறம் ஆற்காடு நவாப்களின் காலம். ஊருக்கு ‘சாதத் பந்தர்’ என்று இன்னொரு பெயர் உண்டு. பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். (மசூலிப்பட்டினத்தை ஆந்திராக்காரர்கள் இன்றும் பந்தர் என்பார்கள்.) கடலோரமாக நவாப் தரப்பு கட்டிய கோட்டை. 1750ல் அதை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த விதம் இருக்கிறதே, அப்படியே வடிவேலு காமெடி. கப்பல் ஒன்று கரைக்கு எதிரே நங்கூரம் போட்டது. ‘‘கப்பலில் நோய், ஆட்கள் சாகிறார்கள், மிச்சம் இருப்பவர்களையாவது கரையில் இறங்க விடுங்கள்’’ என்று கெஞ்சினார்கள். கோட்டைக்காரர்கள் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தார்கள். நோயாளிகள் இருமிக்கொண்டே உள்ளே வந்தார்கள், உடைக்குள் ஆயுதத்தோடு. ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டை கைமாறியது.

1752ல் ராபர்ட் கிளைவ் வந்தார். கூடவே புதிதாகச் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்கள், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் இறங்கிய இருநூறு வெள்ளைக்காரப் பையன்கள். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒருவன் விழுந்ததும், மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தம் கேட்டுக் காவலுக்கு நின்றவன் காணாமல் போய்விட்டான். சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள். ஒளிந்துகொண்டிருந்தானாம். இதை எழுதிவைத்தவர் மெக்காலே, கிளைவைப் பற்றிய தன் 1840ம் வருஷக் கட்டுரையில். அப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டும் கிளைவ் கோட்டையை வாங்கினார், வெடிவைத்துத் தகர்த்தார். துறைமுகத்தின் கதை ஏறக்குறைய அதோடு சரி. வியாபாரத்தை மெட்ராஸ் விழுங்கிவிட்டது.

ஆக, ஆஸ்திரியப் பேரரசர், ஆற்காடு நவாப், நோயாளி வேஷம் போட்ட பிரெஞ்சு சிப்பாய், கிணற்றுக்குள் ஒளிந்த ஆங்கிலேயப் பையன். இத்தனை கேரக்டர்கள் உள்ள ஊர் இது. எந்த டைரக்டருக்கும் இதைவிட நல்ல ஸ்க்ரிப்ட் கிடைக்காது.

*

இனி, படம்.

ஹீரோ, கோவளத்து மீனவக் குடும்பத்துப் பையன். இருபத்தைந்து வயது இருக்கும். அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுப்பது மெயின் வேலை. கேட்டால் ஊரைச் சுற்றிக்காட்டுவது சைடு. இரண்டரை மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். பேரம் பேசவில்லை. மல்டிபிளெக்ஸில் நாலு பேர் பாப்கார்னுக்குக் கொடுக்கிற காசு அது.

இடைவேளை வரை படம் சுமார்தான். 

முதல் காட்சி, கோட்டை. ‘‘சார், இதுதான் டச்சுக் கோட்டை இருந்த எடம். இப்போ ஸ்டார் ஓட்டல். உள்ள வுட மாட்டாங்க. இங்கேர்ந்து பாத்துக்கங்க’’ என்றார். பார்த்தேன். ஒரு காம்பவுண்ட் சுவரும், அதற்குப் பின்னால் தென்னை மரத் தலைகளும் தெரிந்தன. ‘கண்ணும் கண்ணும்’ படத்தில் வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீஸைக் கூட்டிவந்து நிற்பாரே, அந்த மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

டச்சுக்காரர்களின் கோட்டை இந்தக் கரையில் பழவேற்காட்டில் இருந்தது, தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் நிற்கிறது. கோவளத்துக் கோட்டை நவாபுடையது. பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஆனால், டச்சுக் கோட்டை என்ற பெயர் விளம்பரங்களிலும் சுற்றுலாக் கட்டுரைகளிலும் ஏறிவிட்டது. அதைப் படித்தவர்கள் கோவளம் வந்து, ‘‘டச்சுக் கோட்டை எங்கேப்பா?’’ என்று கேட்டார்கள். பையன் பதில் சொல்லப் பழகிக்கொண்டான். யார் யாருக்கு கைடு என்று யோசித்துப்பாருங்கள்!

பெயரில் என்ன இருக்கிறது, நவாபோ டச்சோ இடிந்துபோனதுதானே என்று விட்டுவிட முடியவில்லை. டச்சுக் கோட்டை என்று சொல்லும்போது, வெள்ளைக்காரன் வந்து கட்டினான், நம்மவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று கதை மாறிப்போகிறது. உண்மையில், உள்ளூர் ஆட்சிக்காரர் ஒருவர் ‘எனக்கென்று ஒரு துறைமுகம் வேண்டும்’ என்று முடிவெடுத்த இடம் இது. ஒரே ஒரு பெயர்ச்சொல் அந்த முடிவை அழித்துவிடுகிறது.

இரண்டாம் காட்சி, கார்மேல் அன்னை ஆலயம். ‘‘டிமான்ட்டி காலனி படம் பாத்தீங்களா சார்? அந்தாளு கல்லறை இங்கதான் கீது’’ என்றார் குரலைத் தாழ்த்தி. ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனிக்குப் பெயர் கொடுத்த ஜான் டி மாண்டே, போர்ச்சுகீசிய வம்சாவளி மெட்ராஸ் வியாபாரி. 1808ல் இந்த ஆலயத்தைக் கட்டியவர் அவர். சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். 2015ல் வந்த பேய்ப் படம் அந்த மனிதரின் பெயரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு கோடீஸ்வர வியாபாரி, துறைமுகம் செத்து ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, எதற்காக இந்தச் சின்ன ஊரில் இவ்வளவு பெரிய ஆலயத்தைக் கட்ட வேண்டும்? நல்ல கைடு அந்தக் கேள்வியையாவது நம் தலையில் போட்டுவிட்டுப் போவார். இவர் பேயோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் காட்சி, தமீம் அன்சாரி தர்கா. நபிகளின் தோழர் அவர், அவருடைய உடல் பெட்டியில் கடலில் மிதந்து இங்கே ஒதுங்கியது என்பது நம்பிக்கை. வியாழக்கிழமைகளில் சாதி, மதம் பார்க்காமல் கூட்டம் அலைமோதும். ‘‘கோயில், சர்ச், தர்கா மூணும் ஒரே ஊர்ல. மத நல்லிணக்கம் சார்’’ என்று முடித்தார். ஸ்கூல் சுவரில் எழுதியிருக்கும் வாசகம் மாதிரி.

நல்லிணக்கம் நல்ல விஷயம்தான். ஆனால், மூன்றும் ஏன் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு அது பதில் இல்லை. நாகூரையும் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் பாருங்கள். காயல்பட்டினத்தைப் பாருங்கள். கடல் வியாபாரம் நடந்த இடத்தில், கடல் தாண்டி வந்தவன் கும்பிட ஓர் இடம் வேண்டும். திரும்பி வருவானா என்று தெரியாமல் புறப்படுகிறவனுக்கும் வேண்டும். கோபுரமும் மினாராவும் சிலுவையும் அந்தத் துறைமுகத்தின் வருகைப் பதிவேடு. கோட்டையைக் காணோம் என்று சுவரை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தோமே, துறைமுகம் இதோ நம் கண்ணெதிரேதான் நின்றுகொண்டிருக்கிறது. கைடு அதைக் கையைக் காட்டிவிட்டு, வேறு பெயர் சொல்லிவிட்டார்.

இடைவேளை. சுக்கு காபி.

*

இரண்டாம் பாதி கடற்கரையில். இங்கே ஒரு விஷயம் நடந்தது. பையன் ‘கைடு பேச்சை’ நிறுத்திவிட்டு, சும்மா பேச ஆரம்பித்தார்.

‘‘தம்பி, துறைமுகம்னு சொல்றீங்க. இங்க ஜெட்டி இல்ல, தடுப்புச்சுவர் இல்ல. கப்பல் எங்கதான் நின்னிருக்கும்?’’ என்று கேட்டேன்.

‘‘கப்பல் எதுக்கு சார் கரைக்கு வரணும்? அது தூரக்கா நிக்கும். நம்மாளுங்கதான் போய் எறக்கிக் கொணாருவாங்க’’ என்றார்.

இதுதான் சோழமண்டலக் கரையின் மொத்த ரகசியம். மெட்ராஸிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை இதே கதைதான். கப்பல் ஆழத்தில் நங்கூரம் போடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே, மூன்று அடுக்காகச் சுருண்டு விழும் அலை. அதைத் தாண்டிச் சரக்கும் மனிதரும் வந்துபோகப் படகுக்காரர்கள் இல்லாமல் நடக்காது. ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் பிளந்துபோகும். நம் மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடம்பு வளைந்துகொடுக்கும், உடையாது. கட்டுமரமும் அப்படித்தான், கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. ஆங்கில அகராதிக்கு நாம் ஏற்றுமதி செய்த சொல் அது. கிளைவ் ஆனாலும் கவர்னர் ஆனாலும், இந்த ஊரில் முதலில் நம்ப வேண்டியிருந்தது ஒரு துடுப்புக்காரரைத்தான்.

பையன் அலையைக் காட்டினார். ‘‘எண்ணிக்கினே இருங்க. பெருசு பெருசா வரும். அப்பால கொஞ்ச நேரம் அடங்கும். அந்த கேப்புலதான் படகைத் தள்ளணும்.’’ சறுக்குப் பலகைக்காரர்களும் இதையேதான் எண்ணுகிறார்களாம். அப்பா கட்டுமரத்துக்காக எண்ணினார், பிள்ளை சர்ஃபிங் போர்டுக்காக எண்ணுகிறார். அதே அலை, அதே கணக்கு.

அப்புறம் காற்று. வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வரும், வந்தால் தண்ணீர் எப்படி மாறும் என்று அடுக்கினார். முட்டுக்காட்டுக் கழிமுகம் மணலில் மூடிக்கொள்வதையும், மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் சேர்வதையும் சொன்னார். 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி இரண்டே வரி சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

‘‘அப்பா கடல்ல எடம் எப்படிக் கண்டுபிடிப்பாரு தெரியுமா சார்? சர்ச் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால தெரியற ஒரு மரத்தையும் நேர்க்கோட்ல கொணாருவாரு. இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம். ரெண்டு கோடும் சேர்ற எடத்துல வலை போட்டா மீன் உண்டு. இப்போ ஜி.பி.எஸ். வந்துருச்சு. எனக்கே பாதி அடையாளம் தெரியாது.’’

ஆலயத்துக்கு முன்னால் நின்றபோது சொல்லாமல் விட்ட வசனம் இது. பேய்க்கதையைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்த வசனம். அந்தக் கோபுரம் கரையிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் ஆலயம், கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு வழிகாட்டி. ஒரு துறைமுக ஊரை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

‘‘இதையெல்லாம் ஏன் தம்பி முதல்லயே சொல்லல?’’

சிரித்தார். ‘‘இதுல இன்னா சார் கீது? எங்க நைனா சொல்றதுதானே. வர்றவங்க கோட்டை எங்க, எந்தப் படம் ஷூட்டிங் எடுத்தாங்கன்னுதான் கேக்கறாங்க.’’

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

*

கைடுகளைப் பற்றி நாம் சொல்லும் புகார், அவர்கள் கதை விடுகிறார்கள் என்பது. கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினால், இந்தத் தொழிலின் பூர்வீகமே அப்படித்தான். துறைமுக ஊர்களின் முதல் உள்ளூர் கைடு யார்? துபாஷ்! இரண்டு பாஷை பேசுகிறவர். கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரனுக்கு வீடு, வேலையாள், கடன், சந்தை நிலவரம், அரண்மனை வதந்தி எல்லாம் அவர் வழியாகத்தான். புதுச்சேரியில் டூப்ளேவின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து எழுதிய டைரி இல்லாவிட்டால், அந்தக் காலத்து அரசியல் பாதி நமக்குத் தெரிந்தே இருக்காது. துபாஷ்களுக்குக் கெட்ட பெயரும் உண்டு. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார்கள், எஜமானன் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார்கள் என்று. அந்தப் பெயரில் எஜமானனுக்கும் பங்கு இருக்கிறது. பொய் கேட்க விரும்புகிறவனுக்குத்தானே பொய் சொல்ல முடியும்?

இன்றைக்கு எஜமானன் நாம்தான். கைடு என்பவர் வாடிக்கையாளரைப் பார்த்து வளர்கிற செடி. இருபது கிலோமீட்டர் தெற்கே மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பம், அர்ஜுனன் தபஸா, பகீரதன் தபஸா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ‘‘ரெண்டு மாதிரியும் சொல்வாங்க’’ என்று ஆரம்பிக்கும் கைடைப் பார்த்து, ‘‘உனக்கே தெரியலையா?’’ என்று சிரித்தால், அடுத்த குரூப்புக்கு அவர் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லப் பழகிக்கொள்வார்.

சரி, நகரத்திலிருந்து வரும் ஹெரிடேஜ் நடைகள்? கோவளத்துக்கு வந்த அப்படியொரு நடையிலும் நடந்திருக்கிறேன். ஆங்கில உரை. தகவல் சுத்தம். ஆஸ்டெண்ட் கம்பெனி வந்தது, வருஷங்கள் சரியாக இருந்தன. ஆனால், மூன்று மணி நேரத்தில் ஊர்க்காரர் ஒருவரிடம்கூட யாரும் பேசவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரைச் சுற்றி நின்று பதினைந்து பேர் படம் எடுத்தார்கள், அவர் பெயரைக் கேட்காமல். அவர்களுக்குத் தேதி தெரியும், கடல் தெரியாது. பையனுக்குக் கடல் தெரியும், தேதி தெரியாது. இரண்டு பேரும் ஒரே மணலில் நடக்கிறார்கள், சந்தித்துக்கொள்வதில்லை.

*

சந்திக்கவைத்த ஊர் ஒன்று உண்டா? உண்டு. ஜப்பானின் நாகசாகி.

அதுவும் துறைமுகம்தான். அங்கேயும் டச்சுக்காரர்கள், அங்கே நிஜமாகவே! 1636ல் விசிறி வடிவத்தில் டெஜிமா என்ற செயற்கைத் தீவைக் கட்டினார்கள். 1641லிருந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் டச்சு வியாபாரிகளை அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். அங்கேயும் துபாஷ்கள் இருந்தார்கள், தலைமுறை தலைமுறையாக டச்சு மொழிபெயர்க்கும் குடும்பங்கள். பிற்பாடு சுற்றியிருந்த கடலைத் தூர்த்ததில் தீவே காணாமல் போய்விட்டது. நம்மைப் போலவேதான். ஆனால், காணாமல் போனதோடு விடவில்லை. பழைய படங்களையும் ஆவணங்களையும் வைத்து, ஒவ்வொரு கட்டடமாகத் திரும்ப எழுப்பிக்கொண்டு வருகிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. 2006ல் நாகசாகி ஒரு விழா நடத்தியது. பெரிய அரங்கு இல்லை, ராட்டினம் இல்லை. ஊரைச் சுற்றி நடப்பதுதான் விழா. கைடுகள் யார்? ஊர்க்காரர்களே. தங்கள் தெரு, தங்கள் மேட்டுப்படி, தங்கள் கோயில் கதையைத் தாங்களே சொன்னார்கள். விழாவுக்குப் பெயர்கூட அந்த ஊர்ப் பேச்சுவழக்கிலிருந்துதான் எடுத்தார்கள். ‘சருகு’ என்றால் அங்கே சும்மா சுற்றித் திரிவது. விழா முடிந்தும் நடை நிற்கவில்லை, இன்றும் தொடர்கிறது.

இன்னொரு விஷயம். ஜப்பானில் 1949லிருந்து வெளிநாட்டவருக்குக் காசு வாங்கிக்கொண்டு கைடு வேலை செய்யப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். கடினமான பரீட்சை. 2018 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். லைசென்ஸ் இல்லாதவரும் காசு வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக்காட்டலாம். பரீட்சை பாஸ் செய்தவருக்கு அந்தப் பட்டம் மட்டும் தனியாக இருக்கிறது. வரும் கூட்டத்துக்குப் பரீட்சைக்காரர்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். மீன் சந்தையைக் காட்ட மீன்காரரை விட்டால் வேறு யார் என்பது இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் மாமல்லபுரம் மாதிரி நினைவுச்சின்னம் இருக்கிற இடத்தில் கைடுக்குப் பயிற்சி, அடையாள அட்டை எல்லாம் உண்டு. கோவளத்தில் பார்க்க ஒரு கல்கூட மிச்சமில்லை. கல் இல்லையா, கைடு இல்லை! உண்மையில் தலைகீழாக இருக்க வேண்டும். கல் இருக்கும் இடத்தில் கல் கொஞ்சமாவது பேசும். கல் இல்லாத இடத்தில்தான் மனிதர் வேண்டும்.

*

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? கடைசியில் கொஞ்சம் ஐந்தொகை.

ஈ.சி.ஆரில் நிலத்தின் மதிப்பு வருஷா வருஷம் ஏறுகிறது. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். தேய்மானம் போடவேண்டிய சொத்து வேறு. அந்தப் பையனின் அப்பா தலையில் இருக்கும் அடையாளங்கள். பிள்ளைக்கு அதில் பாதிதான் வந்தது. அவர் பிள்ளைக்குக் கால்வாசி வந்தால் அதிகம். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத சொத்து என்பதால், அது குறைந்துகொண்டே வருவது யாருக்கும் தெரிவதில்லை. ‘‘இதுல இன்னா சார் கீது’’ என்று சொந்தக்காரரே பூஜ்யம் என்று மதிப்புப் போடும்போது, வேறு யார் போய் மாற்றுவது?

வாங்குகிறவன்தான் மாற்ற முடியும். எந்தச் சரக்குக்கும் விலை அப்படித்தான் ஏறுகிறது, கேட்க ஆள் வந்தால். பையன் சொன்னதில் டச்சுக் கோட்டைக்கு மார்க் கழித்துவிட்டேன், பேய்க்கும் கழித்துவிட்டேன். அலைக் கணக்குக்கும் கோபுர அடையாளத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு அறுபது போடுகிறேன். மீதி நாற்பது அவரிடம் இல்லை என்பதற்காக அல்ல, அதைக் கேட்டு வாங்க நாம் இன்னும் போகவில்லை என்பதற்காக. ஆஸ்டெண்ட் கம்பெனியும் மெக்காலேயின் கிணறும் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து சரித்திர வாத்தியார் ஒருவர் மனசு வைத்தால் போதும். காற்றையும் அலையையும் கற்றுக்கொள்ள ஒரு ஆயுசு வேண்டும், அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே, நீங்கள் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். படகுகள் கரைக்குத் திரும்புகிற காலை நேரத்தில் போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கைடாக வைத்துக்கொள்ளுங்கள், சொன்ன காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கோட்டை எங்கே என்று கேட்காதீர்கள். ‘‘உங்க அப்பா கடல்லேர்ந்து பார்த்தா இந்த ஊர் எப்படித் தெரியும்?’’ என்று கேளுங்கள்.

அப்புறம், செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். உப்புக் காற்றுக்கு அது ஆகாது.